ஜிலேபி என்றொரு மீன்: பெயரிடுதலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

விருத்தாசலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். விரால் தவலைத் தண்ணீரில் உயிரோடு கிடக்கும். கெளுத்திக்குத் தனிக் கூடை. ரோகு, கட்லா வெட்டுப் பலகைமேல் இருக்கும். ஜிலேபி மட்டும் தரையில் விரித்த தார்ப்பாயில் குவிந்து கிடக்கும். பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு ஊற்றுகிற, சூளைக்குச் சரக்கு அடுக்குகிற பெண்கள் வேலை இல்லாத அன்றைக்கு வாங்குவது பெரும்பாலும் இந்தத் தார்ப்பாயிலிருந்துதான். 'நல்ல' குடும்பத்து ஆட்கள் அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போவார்கள். கேட்டால் 'அது சாக்கடை மீனுங்க' என்பார்கள். மீனுக்கும் சாதி உண்டு நம் ஊரில்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வரால், வாளை, கயல், ஆரல், அயிரை என்று சங்க இலக்கிய மீன்களை வரிசையாகச் சொல்லி மதிப்பெண் வாங்கியவன். அந்தப் பட்டியலில் ஜிலேபி இல்லை. இருக்க முடியாது. அது தமிழ்நாட்டுத் தண்ணீருக்குள் வந்தது 1952இல். ஆனால் சங்க மீன்களில் பாதியைக் கண்ணால் பார்க்காத நான் நூற்றுக்கணக்கான முறை தின்றது இந்தப் பட்டியலில் இல்லாத மீனைத்தான். இது என்ன மீன், யார் இதற்குப் பெயர் வைத்தார்கள் என்று தேடப் போனதில் கிடைத்தவைதான் இங்கே.

இதை விலங்கியல்காரர்கள் 'ஓரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ்' என்கிறார்கள். சிக்லிட் குடும்பம். நம் கெண்டைக்கும் இதற்கும் உறவே கிடையாது. அடையாளம் கண்டுபிடிப்பது சிரமமில்லை. மூக்குத் துளை பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்கும். பெரும்பாலான மீன்களுக்கு இரண்டிரண்டு. உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோடு நடுவில் அறுந்து, கொஞ்சம் கீழே மறுபடி தொடங்கும். முதுகுத் துடுப்பின் முன்பாதி முழுக்க முள். எண்ணினால் பதினைந்து, பதினாறு வரும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கருத்துப் போகும், கன்னமும் தொண்டையும் வெளுக்கும், துடுப்போரம் சிவக்கும். ஆண் அடித்தரையில் வட்டமாகக் குழி பறிக்க, பெண் அங்கே முட்டையிட்டு உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்துத் தனியாக நீந்தும்வரை இரண்டு மூன்று வாரம் வாயிலேயே வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது ஏறக்குறையப் பட்டினி.

இந்த மீனை 'விவரித்தவர்' வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர். 1842இலிருந்து சில ஆண்டுகள் போர்த்துகீசியரின் கையிலிருந்த மொசாம்பிக்கில் சுற்றி, செடி, பாம்பு, தவளை, மீன் என்று சேகரித்துப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1852இல் இதற்குப் பெயர் வைத்து அச்சிட்டார். அன்றிலிருந்துதான் இந்த மீன் அறிவியலுக்கு 'இருக்கிறது'. ஜாம்பேசி ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக அதைப் பிடித்துத் தின்ற ஜனங்களுக்கு அது 1852க்கு முன்பும் இருந்தது. ஆனால் அவர்கள் பிடித்தது மீன், பீட்டர்ஸ் பிடித்தது 'இனம்'. கண்டுபிடிப்பு என்கிற கதையாடலின் சூட்சுமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. பொம்மைக்கு முதலில் ஒரு மூல உரு செய்வார்கள். அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, களிமண் கூழை ஊற்றி, ஆயிரம் பிள்ளையாரை இறக்குவார்கள். மூல உரு அலமாரிக்குப் போய்விடும். அறிவியலிலும் ஒரு இனத்தின் பெயர் சாராயக் குப்பியில் ஊறும் குறிப்பிட்ட மாதிரி உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆற்றில் இருப்பவை எல்லாம் அதன் நகல்கள் போல. என்ன வித்தியாசமென்றால், ஆற்றில் இருப்பதுதான் முதலில் இருந்தது.

பெர்லினுக்கும் நமக்கும் இன்னொரு பழைய தொடுப்பு உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்-ஹாலே மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் 1771இலிருந்து 1813இல் சாகும்வரை இருந்தார். நம் கடற்கரை மீன்களையும் குளத்து மீன்களையும் பாடம்செய்து, பெர்லினில் இருந்த மார்கஸ் எலியேசர் ப்ளாக் என்ற யூத மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். ப்ளாக் அவற்றை விவரித்தார், படம் போட்டார். இன்றைக்கும் குறவை, விரால் இரண்டின் அறிவியல் பெயருக்குப் பின்னால் 'ப்ளாக், 1793' என்று இருக்கும். கத்தாளை மீன் வகை ஒன்றுக்குப் பாதிரியாரின் நினைவாக 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். பிடித்துக் கொடுத்த செம்படவர், பட்டணவர் யார் பெயரிலும் ஒரு மீனும் இல்லை.

இதில் எனக்கு அதிர்ச்சியளித்த விஷயம் ஒன்று. 1801இல் பிரான்சில் லாசெபேட், ப்ளாக் விவரித்த அதே இரண்டு மீன்களுக்கு 'காருவே' என்றும் 'வ்ரால்' என்றும் இனப்பெயர் வைத்தார். குறவை, விரால் - நம்ம வார்த்தைகள்தான்! தமிழ்நாட்டுச் சேற்றிலிருந்து புறப்பட்டு, பாதிரியார் காதில் விழுந்து, ஜெர்மானிய எழுத்தில் உருக்குலைந்து, பாரீசில் லத்தீன் சட்டை போட்டுக்கொண்டன. ஆனால் முந்திய பெயரே செல்லும் என்பது விலங்கியலின் சட்டம். ப்ளாக் எட்டு ஆண்டு முந்திவிட்டார். தமிழ்ப் பெயர்கள் செல்லாத பெயர்களின் பட்டியலுக்குப் போய்விட்டன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய 'வரால்' என்ற சொல்லுக்கு, 1793க்குப் பிந்தியது என்று தீர்ப்பு!

நம் பண்டிதர்கள் உடனே கொடி பிடிக்க வேண்டாம். இதே கதை ஆப்பிரிக்கர்களுக்கும் நடந்திருக்கிறது, வேறு மாதிரி. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ ஸ்மித் 1840இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு மீனுக்கு 'திலாப்பியா' என்று பேரினப் பெயர் வைத்தார். ட்ஸ்வானா ஜனங்களிடம் 'இது என்ன?' என்று கேட்டிருப்பார்; 'மீன்' என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் மொழியில் மீன் என்பதற்கான சொல்லின் திரிபுதான் திலாப்பியா. அது தமிழ் நாக்கில் புரண்டு 'ஜிலேபி' ஆயிற்று என்பது என் வாசிப்பு. ஆக, விருத்தாசலம் தார்ப்பாயின் முன் நின்று நாம் கேட்பது 'ஒரு கிலோ மீன்' என்று, ட்ஸ்வானா மொழியில்! மிட்டாய்க் கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பின்னால் விஞ்ஞானிகளே இந்த மீனிடமிருந்து அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டார்கள். எதெல்விந்த் ட்ரெவாவஸ் என்ற பெண் அறிஞர் லண்டன் அருங்காட்சியகத்தில் வாழ்நாளெல்லாம் இவற்றைத் தரம்பிரித்து 1983இல் பெரிய நூலாக்கினார். வாயில் காப்பது யார் என்பதும் அவருக்கு முக்கியமான தடயம். பெண் மட்டும் வாயில் காப்பவை ஓரியோக்ரோமிஸ், தரையில் முட்டையிட்டுக் காப்பவை திலாப்பியா. தாய்மையை வைத்து ஒரு வகைப்பாடு! பெண்ணியத் தோழிகள் இதை எப்படி வாசிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஆப்பிரிக்காவிலிருந்து இது நேராக இங்கே வரவில்லை. 1939இல் ஜாவாவில் முஜாயிர் என்ற கிராமத்துக்காரர் ஆற்று முகத்துவாரத்தில் சில மீன்களைக் கண்டு, கொண்டுவந்து குளத்தில் வளர்த்தார். ஆப்பிரிக்க மீன் அங்கே எப்படி வந்தது என்பது புதிர். இந்தோனேசியாவில் இன்றும் இதற்குப் பெயர் 'முஜாயிர்' மீன். கண்டவன் பெயரையே மீனுக்கு வைத்த ஜனங்கள்! பெர்லினில் நடக்காதது அங்கே நடந்தது. அங்கிருந்து தென்கிழக்காசியா முழுக்கப் பரவிய மீன், 1952இல் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவுக்கு வந்தது. இலங்கையிலிருந்து வந்தது இறங்கிய இடம் மண்டபம். உணவுப் பஞ்சத்தின் காலம். எதையும் தின்று வளரும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், ஏழைக்குப் புரதம் தரும் என்று அரசு கொண்டாடியது. அது சொன்னபடியே செய்தது, கூடுதலாகவே செய்தது. இரண்டு மூன்று மாதத்தில் குட்டி போட ஆரம்பித்து, குளம் நிறைய விரல்நீள மீனாக நிரம்பிற்று. 1959இல் இனி பரப்பக்கூடாது என்று இந்திய மீன்வள ஆய்வுக் குழு தடை போட்டது. தடையை மீன் படிக்கவில்லை. வைகை, அமராவதி, கிருஷ்ணகிரி அணைகளெல்லாம் அதன் வசமாயின.

சூழலியல் நண்பர்கள் இதை 'வந்தேறி மீன்' என்கிறார்கள். நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்கிறது என்பது உண்மைதான். அதை மறுக்க நான் தயாரில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மீனைப் பற்றிப் பேசும்போது பழகிய சொல் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது தானாக வந்துவிடும். 'மண்ணின் மீன்' பேசுகிறவர்கள் ரோகு, கட்லா கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை என்பதைச் சொல்வதில்லை. அவை 'கௌரவமான' வந்தேறிகள் போலிருக்கிறது. போதாததற்கு சிக்லிட்களில் நம் சொந்தக்காரர்களே உண்டு. உப்பங்கழிச் செத்தக்கெண்டை, கேரளத்தார் கரிமீன் என்பார்களே, அது இதே குடும்பம். 2010இல் அங்கே அது மாநில மீன் ஆயிற்று. ஒரு குடும்பத்தில் ஒருத்தனுக்கு வாழையிலை, இன்னொருத்தனுக்குத் தார்ப்பாய்.

அதைவிட விசித்திரம், சொந்த ஆப்பிரிக்க ஆறுகளில் இந்த மீன் அழிவின் பக்கம் நகர்கிறது என்று சர்வதேசச் செம்பட்டியல் சொல்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்து விட்ட நைல் திலாப்பியா இதனோடு கலந்து கலந்து, தூய மொசாம்பிகஸ் குறைந்துகொண்டே வருகிறது. அந்த நைல் வகைதான் இப்போது இங்கேயும் மேம்படுத்தப்பட்ட ரகமாக, ஆண்குஞ்சுகளாக மட்டும் ஆக்கப்பட்டு, அரசு அனுமதியோடு பண்ணைகளில் வளர்கிறது.

போன ஞாயிறு தார்ப்பாய் முன் உட்கார்ந்து வால்களை விரித்துப் பார்த்தேன். நைல் வகை என்றால் வால் துடுப்பில் நெட்டுக்கு வரிவரியாகக் கோடு இருக்கும். சிலதில் தெளிவாக இருந்தது. சிலதில் இல்லவே இல்லை. சிலதில் இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது.

"அக்கா, இதுல ரெண்டு சாதி கலந்து கிடக்கு, தெரியுமா?" என்றேன்.

"எல்லாம் வெலிங்டன் ஏரி ஜிலேபிதான் தம்பி. வாலப் புடிச்சி புடிச்சிப் பாக்காத, கொழகொழன்னு ஆயிடும். எத்தினி கூறு?"

ஒரு மீனின் வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாக முட்டை. அதை விரலால் வழித்துத் தரையில் போட்டுவிட்டு மீனைத் தராசில் வைத்தாள்.