கட்டும் மரமும்

தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருக்கிறது புன்னக்காயல். பிரித்தால் புன்னை, காயல். பேச்சில் ஐகாரம் குறுகி அகரமாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியர் ஊரைப் ‘புனிக்காலே’ என்று எழுதினார்கள். அதில் புன்னையும் இல்லை, காயலும் இல்லை, வெறும் ஓசை.

கட்டுமரத்துக்கும் இதே கதிதான். சோழமண்டலக் கரையில் அதைக் கண்ட வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் விவரித்தார். ஆங்கிலத்தில் அது ‘கேட்டமரான்’. ஈற்று மகரம் னகரமானதைக் குறை சொல்வதற்கில்லை. அறம் அறனாகும், மரம் மரனாகும். நம் இலக்கணம் அதை இறுதிப்போலி என்கிறது.

தொலைந்தது வேறு. தமிழ் கற்று அதற்கு இலக்கணமும் எழுதிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் பணியாற்றிய இதே புன்னக்காயலில் நின்று பேசுவதால் இலக்கணத்தோடே பார்ப்போம். ஊறுகாய் போலக் கட்டுமரமும் வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டும் மரம்: முக்காலமும் அதற்குள் அடக்கம். கடற்கரைக்காரருக்கு இது பாடப்புத்தகச் சங்கதி அல்ல. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனத்து, மிதப்புக் குறையும். மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டு.

ஆங்கிலத்துக்குப் போன சொல்லில் இந்த வினை செத்துவிட்டது. பிறகு அதை எதற்கும் பயன்படுத்தலாமல்லவா? 1804இல் பிரெஞ்சுக் கப்பல்கள்மீது ஆங்கிலேயர் ஏவிய வெடிகலத்துக்கு அந்தப் பெயர். 1833 வாக்கில் சண்டைக்காரிக்கும் அதே பெயர். 1876இல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் கட்டிய இரட்டையுடல் பாய்ப்படகுக்குப் பின், அவ்வகைப் படகுகளோடு அது ஒட்டிக்கொண்டது. இரட்டையுடல் கலத்தின் பூர்வீகமோ பசிபிக் தீவுகள். 20ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் படகு வந்தபோது ‘ட்ரைமரான்’ என்றார்கள். கட்டை வீசிவிட்டு மரத்தை வைத்துக்கொண்டார்கள்; அந்த மரத்துக்கும் படகின் உடல் என்று பொருளாகிவிட்டது.

சிரிக்கலாம்தான். ஆனால் இன்று நம் கரைகளிலேயே ‘பைபர் கட்டுமரம்’ ஓடுகிறது. அதில் அவிழ்க்கக் கயிறும் இல்லை, காயப்போட மரமும் இல்லை.