இணைப்பு

'இணை' என்னும் பழந்தமிழ்ப் பகுதி, இரண்டாய் ஒத்து நிற்பதையும் அவ்விரண்டும் ஒன்றோடொன்று சேர்வதையும் ஒருங்கே குறிப்பது. மீனாட்சியின் திருவடிகளை இணையடி என்று போற்றும் மதுரையார்க்கு அதன் முதற்பொருளை விளக்க வேண்டுவதில்லை. இணைதல் தன்வினை, இணைத்தல் பிறவினை. பின்னதிலிருந்து பு விகுதி பெற்றுப் பிறந்தது இணைப்பு.

மதுரைப் பகுதியில் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசு நிறுவனமான எல்காட் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் போன்ற இடங்களில், 1.75 அங்குல உயரத்தை ஓர் அலகாகக் கொண்ட ரேக்குகளில் சர்வரும் சுவிட்சும் ஏறியிருக்க, அவற்றின் ஸ்தானத்தையும் சம்பந்தத்தையும் உள்ளது உள்ளபடி பதிந்து வைக்கும் மென்பொருள்களில் இச்சொல்லின் பூர்வார்த்தம் புத்துயிர் பெறுகிறது. 2016-இல் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட நெட்பாக்ஸ் என்னும் அத்தகைய மென்பொருளில், கேபிள் என்பது ஏதோ ஒரு சாதனத்தின் குணமாக எழுதப்படுவதில்லை. வைகைப் பாலம் வடகரைக்கு மாத்திரமோ தென்கரைக்கு மாத்திரமோ உரியதாகாததுபோல, இருபுறத்துப் போர்ட்டுகளும் குறிக்கப்பெற்று, தனக்கென நிறமும் நீளமும் உடைய தனிப்பொருளாகவே அது நிற்கிறது. மறுமுனை எழுதப்படாத பதிவேட்டை, நள்ளிரவில் பழுது தேடும் ஊழியர் கையில் கொடுப்பது கொடுமை என்றே சொல்வேன்.

இவ்விடத்தில் 'தொடர்பு' என்று எழுதுவாரும் உளர். தொடர்பு கண்ணுக்குப் புலனாகாத உறவுக்கும் செல்லும். பிரத்தியட்சமாகக் கையில் பற்றிப் பிடுங்கக்கூடிய வடத்துக்கு இணைப்பே தகும்.