ஜமுனாமரத்தூரிலிருந்து அரிக்கமேடு வரை: தமிழகத்தில் பண்டைய கிரேக்கத் தடயங்கள்

பண்டைய கிரேக்கக் கலைக்கெனத் தனி அருங்காட்சியகம் தமிழகத்தில் இல்லை. ஆனால் கிரேக்க உலகிலிருந்து கடல் கடந்து வந்த பொருள்கள் இங்கு மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து இவற்றைக் காணப் புறப்படும் மாணவர்களுக்கு மிக அருகில் உள்ள பெரிய தொகுப்பு புதுச்சேரி அருங்காட்சியகத்தின் அரிக்கமேட்டுத் தொகுப்பாகும். அங்கு பளிங்குச் சிலைகளை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். உடைந்த சாடிகளும் ஓட்டுச் சில்லுகளுமே அங்குள்ள சான்றுகள். அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டு செல்வதே பயணத்தின் முதன்மையான ஆயத்தம்.

மலையும் கடலும்

பயணிக்கு வழி சொல்லும் மரபு இப்பகுதிக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் ஆற்றுப்படை நூல். செங்கண்மா இன்றைய செங்கம். அந்நூல் பாடும் சேயாறு இன்றைய செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறக்கும் இந்த ஆறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு கடலை அடையும் இடத்திற்கு அருகே உள்ள வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1969-70ஆம் ஆண்டில் அகழாய்வு செய்தது. உறைகிணறுகளும் கூர்முனை அடியுடைய சாடிகளின் துண்டுகளும் அங்கு வெளிப்பட்டன. ஜவ்வாது மலையின் நீர் சென்று சேரும் அதே கடற்கரையில் அயல்நாட்டுக் கலங்களும் வந்து இறங்கின.

யவனர் எனும் சொல்

ஏஜியன் கடலின் கீழைக் கரையில் வாழ்ந்த கிரேக்கர் அயோனியர் எனப்பட்டனர். அப்பெயரே பாரசீகத்தில் 'யௌன' என்றும், பிராகிருதத்தில் 'யோன' என்றும், வடமொழியிலும் தமிழிலும் 'யவனர்' என்றும் வழங்கியது. பின்னர் உரோமப் பேரரசிலிருந்து வந்த எல்லா வணிகர்க்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வணிகத்தை நடத்தியவர்களில் பலர் கிரேக்க மொழி பேசியவர்கள். வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முசிறி வணிக ஒப்பந்தம் கிரேக்க மொழியில் பாப்பிரசு தாளில் எழுதப்பட்டது. தமிழகத் துறைமுகங்களைக் குறிப்பிடும் 'எரித்திரியன் கடல் பெரிப்ளூசு' என்னும் நூலும் கிரேக்கத்தில் எழுதப்பட்டதே. ஆகவே காட்சிப் பலகையில் 'உரோமானியப் பொருள்' என்று எழுதியிருந்தாலும் அதன் பின்னே கிரேக்கத் தீவோ கிரேக்க வணிகரோ இருக்கக்கூடும்.

சங்க இலக்கியம் யவனரின் கைத்திறனை நன்கு அறிந்திருந்தது. நெடுநல்வாடை, யவனர் செய்த பாவை ஏந்தி நிற்கும் அகல் விளக்கைக் கூறுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாடல் யவனர் கொணர்ந்த மதுவைப் பேசுகிறது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலத்தை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. இப்பாடல்களைப் படித்துவிட்டுச் சென்றால் காட்சிப் பேழையில் உள்ள சாடித் துண்டு புரியத் தொடங்கும்.

ஓர் அருங்காட்சியக வருகையின் விளைவு

அரிக்கமேட்டின் புகழே ஓர் அருங்காட்சியக வருகையிலிருந்து வளர்ந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடைத்த பழம்பொருள்களைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1937 முதல் கவனித்துவந்தார். அங்கு கிடைத்த மணிக்கல் ஒன்றில் செதுக்கியிருந்த தலை அகஸ்தசுப் பேரரசருடையது என அவர் கருதினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அ. ஐயப்பன் 1941இல் அங்கு சிறிய அளவில் அகழ்ந்தார்.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர் 1944இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு வந்தார். அங்கு கிடந்த மட்பாண்டத் துண்டுகளிடையே நீண்ட கைப்பிடி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது நடுநிலக்கடல் நாடுகளின் மதுச்சாடியான ஆம்போராவின் கைப்பிடி என்பதை அவர் உடனே அறிந்தார். அது அரிக்கமேட்டில் கிடைத்தது எனத் தெரிந்ததும் புதுச்சேரி சென்று, அங்கு சேர்த்து வைத்திருந்த பொருள்களைக் கண்டு, 1945இல் அகழாய்வைத் தொடங்கினார்.

அக்கைப்பிடி முன்பே பலர் கண்ணில் பட்டிருக்கும். நடுநிலக்கடல் மட்பாண்டங்களைப் பயின்றவர் பார்த்தபோதே அது காலத்தைச் சொல்லும் சான்றாயிற்று. இத்தாலியில் காலம் உறுதிசெய்யப்பட்ட அரெட்டைன் கலங்கள் அரிக்கமேட்டு மண்ணடுக்குகளிலும் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த உள்ளூர் மட்பாண்டங்களுக்கும் இதனால் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலவரிசைக்கு இது ஓர் அடிப்படையாக அமைந்தது.

பேழையில் எதைப் பார்ப்பது?

ஆம்போரா: இரு கைப்பிடியும் குறுகிய கழுத்தும் கூர்மையான அடியும் கொண்ட சாடி. கப்பலில் நெருக்கி அடுக்குவதற்கு இவ்வடிவம் ஏற்றது. அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றுள் கிரேக்கத் தீவான கோசின் மதுச்சாடி வகையை அடையாளம் கண்டார். ரோட்சு, கினிடசு ஆகிய கிரேக்க ஊர்களின் வகைகளும் உள்ளன. இரண்டு உருளைகளை ஒட்டியது போன்ற இரட்டைக் கைப்பிடி கோசு வகையின் அடையாளம். கோசுத் தீவினர் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம்.

அரெட்டைன் கலம்: பளபளக்கும் செந்நிறப் பூச்சுடைய மேசைக்கலம். இத்தாலியின் அரெசோ நகரின் பெயரால் அழைக்கப்படுகிறது. சிலவற்றின் அடியில் குயவர் முத்திரை உண்டு. இது கிரேக்கப் பொருள் அன்று.

ரௌலெட்டட் கலம்: தட்டின் உட்புறத்தில் சிறு புள்ளிகள் வட்டவட்டமாகச் செல்லும். முதலில் இதை அயல்நாட்டு இறக்குமதி எனக் கருதினர். மண் பகுப்பாய்வுகள் இது இந்தியாவிலேயே செய்யப்பட்டது எனக் காட்டின.

மணிகள்: அரிக்கமேடு கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் செய்யப்பட்ட ஊர். பேழைகளில் உள்ள மணிகள் உள்ளூர்க் கைவினைஞரின் உழைப்பு.

இவ்வேறுபாட்டை அறிவது வெறும் பெயர் மனப்பாடம் அன்று. வீலர் அரிக்கமேட்டை உரோம வணிகத்தோடு இணைத்து, கி.பி. 1ஆம் நூற்றாண்டை ஒட்டித் தோன்றிய வணிகத் தலமாகக் கண்டார். 1947 முதல் 1950 வரை அகழ்ந்த காசல், 1989 முதல் 1992 வரை அகழ்ந்த விமலா பெக்லி ஆகியோரின் பணிகளுக்குப் பின் அப்பார்வை மாறியது. யவன வணிகத்திற்கு முன்பே அங்கு உள்ளூர் மக்கள் வாழ்ந்தனர். அவ்வணிகம் தளர்ந்த பின்னும் ஊர் தொடர்ந்தது. சாடிகளை மட்டும் பார்ப்பவர் அரிக்கமேட்டை அயலாரின் ஊராக எண்ணுவார். மணிகளையும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் சேர்த்துப் பார்ப்பவர், அயலாரோடு வணிகம் செய்த தமிழ் ஊரைக் காண்பார்.

பயணத் திட்டம்

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்கி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரியை அடையலாம். மலைப்பாதைக்கு நேரம் கூடுதலாகும் என்பதால் ஒரே நாளில் சென்று திரும்புவதைவிட ஓரிரவு தங்குவது நல்லது. புதுச்சேரி அருங்காட்சியகம் பாரதி பூங்காவின் அருகில் உள்ளது. பொதுவாகத் திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. குழுவாகச் செல்லும் பள்ளிகள் முன்னரே கேட்டு உறுதிசெய்துகொள்வது தேவை.

முதலில் அருங்காட்சியகம், பிறகு அரிக்கமேடு என்னும் வரிசை ஏற்றது. மேட்டில் இன்று நிற்கும் செங்கல் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிறித்தவ மறைப்பணியாளர் கட்டிய குருமடத்தின் எச்சங்கள். அவற்றை யவனர் கட்டடம் எனப் பலர் தவறாக எண்ணுகின்றனர். பண்டைய ஊர் நிலத்தடியிலேயே உள்ளது. தரையில் தென்படும் ஓட்டுச் சில்லுகளை எடுத்துச் செல்லக் கூடாது. கிடந்த இடம் தெரியாமல் போனால் சில்லு தன் சான்றை இழக்கிறது.

மற்றொரு முறை சென்னை செல்வோர், வீலர் கைப்பிடியைக் கண்ட எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களையும், நாணயத் தொகுப்பில் தென்னிந்தியாவில் கிடைத்த உரோமானியக் காசுகளையும் பற்றி அறியலாம். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் ரோட்சு, கிரீட் முதலிய கிரேக்கப் பகுதிகளின் காசுகளும் கிடைத்துள்ளன. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார்.

தமிழகத்திற்கு வெளியே

கிரேக்கச் சாயல் கொண்ட உருவங்களைக் காண விரும்புவோர்க்குக் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகமும் சண்டிகர் அருங்காட்சியகமும் காந்தாரச் சிற்பங்களை வைத்துள்ளன. கோலாப்பூரின் பிரம்மபுரி அகழாய்வில் கிடைத்த கிரேக்கக் கடற்கடவுள் பொசைடனின் சிறு வெண்கல உருவம் அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. மும்பை சத்திரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் 2023 டிசம்பரில் தொடங்கிய சிறப்புக் கண்காட்சியில் கிரேக்க, உரோம, எகிப்திய, அசீரியச் சிற்பங்களை வெளிநாடுகளிலிருந்து இரவல் பெற்று இந்தியச் சிற்பங்களோடு நிறுத்தியது.

சிலையின் அழகைக் காண அவ்விடங்களுக்குச் செல்ல வேண்டும். கிரேக்கத் தீவின் சாடியும் தமிழ்க் கைவினைஞரின் மணியும் ஒரே மண்ணடுக்கில் கிடந்த வரலாற்றை அறிய, மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே கடற்கரை வரை சென்றால் போதும்.