நில ஆவணப் பதிவு (தமிழ்நாடு)

நிலம், வீடு, மனை போன்ற அசையாச் சொத்தை ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் ஆவணத்தை, அரசு நியமித்த அலுவலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு பொதுப் பதிவேட்டில் ஏற்றிவைக்கும் முறை நில ஆவணப் பதிவு. மக்கள் வழக்கில் இது பத்திரப் பதிவு. பதிவு நடக்கும் இடம் ரிஜிஸ்தர் ஆபீஸ். தமிழ்நாட்டில் பதிவுத் துறை இதை நடத்துகிறது. சென்னை சாந்தோமில் பதிவுத்துறைத் தலைவரின் அலுவலகம் இருக்கிறது. அவருக்குக் கீழே மாவட்டப் பதிவாளர்களும் 500க்கும் மேற்பட்ட சார்பதிவாளர் அலுவலகங்களும் இயங்குகின்றன. அரைக்காணி நிலத்தை நம்பிப் பிழைப்பவருக்கும், ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தில் ஒரு மனை வாங்குபவருக்கும், அது தம்முடையது என்று ஊரறியச் சொல்ல முதல் துணை பதிவான பத்திரம்தான்.

சொல் வழக்கு

ஆவணம், ஓலை, சாசனம், பத்திரம் ஆகியவை இத்துறையில் பழகிவந்த சொற்கள். வடமொழியில் பத்திரம் என்றாலும் இலைதான். பனையோலையில் எழுதிய காலத்தின் நினைவு ஓலை, பத்திரம் என்ற இரண்டு சொற்களிலும் தங்கியிருக்கிறது. விற்பவரை ‘எழுதிக்கொடுப்பவர்’ என்றும் வாங்குபவரை ‘எழுதிப்பெறுபவர்’ என்றும் பத்திரங்கள் குறிக்கின்றன. இதற்கு முன் அந்தச் சொத்து கைமாறிய மூல ஆவணம் தாய்ப் பத்திரம். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றை வரிசையாகக் காட்டுவது வில்லங்கச் சான்று.

பழங்கால முறை

நிலம் கைமாறும்போது எழுதிவைப்பதும், அந்த எழுத்தை இரு தரப்பையும் சேராத மூன்றாம் இடத்தில் காப்பதும் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிய வழக்கம். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நிலக்கொடையும் நில விற்பனையும் பற்றியவை ஏராளம். விற்றவர், வாங்கியவர், விலை, நான்கு எல்லை, நிலத்தோடு சேரும் மரமும் கிணறும், நீர் பாயும் வழி, சாட்சிகளின் கையெழுத்து என்று இன்றைய கிரயப் பத்திரத்தின் உறுப்புகள் எல்லாம் அவற்றில் உள்ளன. விற்பனை ஆவணம் விலையாவணம் எனப்பட்டது. ஆவணங்கள் காக்கப்பட்ட இடம் ஆவணக்களரி. இன்றைய சார்பதிவாளர் அலுவலகத்தின் முன்னோடி அதுவே. ஊர்க் கணக்கை எழுதியவர் கரணத்தான். அந்தப் பெயர் ‘கர்ணம்’ என்று மருவி, 1980இல் அப்பதவி ஒழிக்கப்படும் வரை கிராமங்களில் வழங்கிவந்தது.

எழுத்துக்கு முன்னால் அளவு வேண்டும். முதலாம் இராசராசன் கி.பி. 1001ஐ ஒட்டித் தன் நாட்டு நிலங்களை அளக்கச் செய்தான். வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கிய கணக்கு கீழ்முந்திரி வரை சென்றது. டெல்டாப் பகுதியில் ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர். அதன் 320இல் ஒரு பங்கு முந்திரி; முந்திரியை மீண்டும் 320 ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. உழவனின் வரப்பு ஒரு விரல் நகர்ந்தாலும் கணக்கில் தெரியும் அளவுக்கு அந்த அளவை நுட்பமானது. முதலாம் குலோத்துங்கன் 1086இல் மறுபடியும் நிலத்தை அளக்கச் செய்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னர் தம் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்ததும் அதே ஆண்டில்தான்.

அக்காலப் பதிவு நடைமுறையை முழுமையாகக் காட்டும் சான்று ஆனைமங்கலம் செப்பேடுகள். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டதால் லெய்டன் செப்பேடுகள் என்றும் அவற்றைச் சொல்வர். நாகப்பட்டினத்துச் சூடாமணி என்ற பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் வழங்கினான். மன்னன் வாய்மொழியாகச் சொன்னதை எழுதுவோர் ஓலையில் எழுதினர்; ஓலைநாயகங்கள் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டனர்; பிறகு அது வரிக்கணக்கில் ஏறியது. ஆணை ஊருக்கு வந்ததும் நாட்டார் கூடி, ஒரு பெண்யானையை எல்லை நெடுக நடத்தி, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நட்டனர். அக்கம்பக்கத்து ஊரார் சாட்சியாகக் கையெழுத்திட்டனர். இராசராசன் மறைந்த பிறகு அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் இது 21 செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, அரச முத்திரை கொண்ட வளையத்தில் கோக்கப்பட்டது. எழுத்தில் இருப்பதை எல்லை தெரிந்த அயலார் முன்னிலையில் மண்ணில் காட்டிய பிறகே உரிமை உறுதியானது என்பதே இதில் முக்கியமான செய்தி.

நகல் வேறு, மூலம் வேறு என்ற தெளிவும் அக்காலத்தில் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் இதற்கு நல்ல காட்சி ஒன்று உண்டு. சுந்தரருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்தது என்று சொல்லி ஒரு முதியவர் காட்டிய அடிமையோலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லித் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் முதியவர் அதை எடுத்து வைக்கிறார். சபையார் சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கின்றனர். வழக்கு நிலத்தைப் பற்றியது அன்று. ஆனாலும் ஆவணம், சாட்சி, நடைமுறை என்ற மூன்று சான்றுகளும் அங்கே எடை போடப்படுகின்றன. இன்றைய உரிமையியல் நீதிமன்றத்தில் நில வழக்கு நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

நாயக்கர், மராட்டியர், நவாபு ஆட்சிக் காலங்களில் நிலக் கணக்கு பெரும்பாலும் ஊர்க் கணக்கர் கையில் இருந்தது.

ஆங்கிலேயர் காலம்

சென்னை மாகாணத்தில் ஆவணப் பதிவுக்கு முதல் சட்ட வடிவம் தந்தது 1802ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குமுறை விதி. ஜில்லா நீதிமன்றங்களில் பதிவேடு வைக்க அது வழிசெய்தது. விரும்பியவர் மட்டும் பதிந்தனர். இதே காலத்தில் பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் தொடங்கிய ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவியது. இடைத்தரகர் இல்லாமல் உழவருக்கே அரசு பட்டா தந்தது. இவ்வாறு நிலத்துக்கு இரண்டு ஏடுகள் உண்டாயின. விற்பனையை எழுதும் ஏடு ஒரு துறையிடம் வளர்ந்தது. வரி கட்டுபவரை எழுதும் ஏடு இன்னொரு துறையிடம் வளர்ந்தது. இந்தப் பிரிவு இன்றுவரை தீரவில்லை.

இந்தியா முழுமைக்கும் பொதுவான முதல் பதிவுச் சட்டம் 1864இல் இயற்றப்பட்டு 1865 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1866, 1871, 1877 ஆண்டுகளில் புதிய சட்டங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. 1908ஆம் ஆண்டின் 16ஆம் சட்டமான பதிவுச் சட்டம் 1909 ஜனவரி 1 முதல் இன்றுவரை நடப்பில் உள்ளது. அதற்குத் துணை நிற்பவை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டமும்.

ஆவண வகைகள்

அ) கட்டாயம் பதிய வேண்டியவை: 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம், மதிப்பு எதுவானாலும் தானப் பத்திரம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை. செட்டில்மெண்ட், எழுத்தில் அமைந்த பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் ஆகியவையும் இவ்வகையே. 2012இல் கொண்டுவந்த திருத்தத்தால் தமிழ்நாட்டில் அசையாச் சொத்துக்கான விற்பனை உடன்படிக்கையையும் பொது அதிகாரப் பத்திரத்தையும் பதிவது கட்டாயமாயிற்று.

ஆ) விரும்பினால் பதியலாம்: உயில். இதை எப்போது வேண்டுமானாலும் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம்; உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்தும் வைக்கலாம்.

பதிவேடுகள் ஐந்து. 1ஆம் புத்தகம் உயில் தவிர்த்த அசையாச் சொத்து ஆவணங்களுக்கும், 2ஆம் புத்தகம் பதிய மறுத்த காரணங்களுக்கும், 3ஆம் புத்தகம் உயில்களுக்கும், 4ஆம் புத்தகம் பலவகை ஆவணங்களுக்கும், 5ஆம் புத்தகம் ஒப்படைத்த உயில்களுக்கும் உரியவை. இவற்றில் 1ஆம், 2ஆம் புத்தகங்களைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். சட்டத்தின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான்.

பதிவு நடக்கும் விதம்

எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்துடன் மேலும் நான்கு மாதம் உண்டு. பத்திரத்தின் கடைசிப் பகுதி சொத்து விவரம்: பதிவு மாவட்டம், சார்பதிவகம், கிராமம், சர்வே எண், பரப்பு, அதன் பின் செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை. வடக்கே பொதுப்பாதை, கிழக்கே இன்னாருடைய நஞ்சை, தெற்கே வாய்க்கால், மேற்கே பிரித்து வைத்துக்கொண்ட மீதி நிலம் என்று அது செல்லும். சார்பதிவாளர், எழுதிக்கொடுத்தவர் இன்னார்தான் என்று சாட்சிகளைக் கொண்டு அறிந்து, தாமே மனமுவந்து எழுதிக்கொடுத்தாரா என்று கேட்கிறார். புகைப்படமும் விரல் ரேகையும் எடுக்கப்படுகின்றன. தாக்கலான நாள், நேரம், இடம் ஆகியவை பத்திரத்தின் மேல் குறிக்கப்பட்டு, ஆவணத்துக்கு எண்ணும் ஆண்டும் இடப்படுகின்றன. முழு ஆவணமும் பதிவேட்டில் நகலாக ஏறுகிறது.

உரிமைக்குக் கிடைக்கும் காப்பு

பதிவு நான்கு வகையில் சொத்துக்காரரைக் காக்கிறது.

முதலாவது, ஊரறிதல். பதிவான ஆவணத்தைப் பின்னால் வாங்குபவர் அறிந்தவராகவே சட்டம் கருதும். ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் எடுபடாது.

இரண்டாவது, முந்துரிமை. பதிவான ஆவணம், எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லுபடியாகும். ஒருவர் திங்களன்று ஒருவருக்கு எழுதிக்கொடுத்த நிலத்தையே புதனன்று இன்னொருவருக்கும் எழுதிக்கொடுத்து, இரண்டாமவர் முந்திக்கொண்டு பதிந்தாலும், முதலாமவர் கெடுவுக்குள் பதிந்துவிட்டால் நிலம் அவருக்கே.

மூன்றாவது, சான்று வலிமை. பதிவான ஆவணம் முறையாக எழுதப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கட்டாயம் பதிய வேண்டிய ஆவணத்தைப் பதியாமல் விட்டால், அது சொத்தில் உரிமை எதையும் உண்டாக்காது.

நான்காவது, அழியாமை. வீட்டுப் பெட்டியில் இருந்த பத்திரத்தைக் கறையான் தின்றாலும், வெள்ளம் கொண்டுபோனாலும், சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். படியோலை கிழிந்தும் மூல ஓலை நின்றது போல, இங்கே மூலம் போனாலும் படி நின்று பேசும்.

காப்பின் எல்லை

பதிவு என்பது ஆவணத்தின் பதிவே தவிர, உரிமையின் பதிவு அன்று. விற்பவருக்கே உரிமை இல்லாவிட்டால் வாங்கியவருக்கும் இல்லை. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரென்ஸ் 1858இல் கொண்டுவந்த முறையில் பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமை. அதற்கு அரசு பொறுப்பேற்கும். இந்தியாவில் அந்தப் பொறுப்பை அரசு ஏற்கவில்லை. வெறும் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் போன்று கைமாற்றத் தடையுள்ள நிலங்களைப் பத்திரம் பதிந்து சொந்தமாக்கிக்கொள்ள முடியாது.

பட்டாவும் தனியாக உரிமை ஆவணம் ஆகாது. வருவாய்த் துறைக் கணக்கில் வரி கட்டுபவராக யார் பெயர் இருக்கிறது என்பதையே அது காட்டும். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டபோது பெயரும் பரப்பும் தவறாக ஏறிய நிலங்களுக்கு இன்றும் திருத்தம் கேட்டு மனுக்கள் வருகின்றன. ஒருவருடைய நிலத்தை வேறொருவர் தனதென்று அறிவித்து 12 ஆண்டு தடையின்றி அனுபவித்தால், பதிவான பத்திரம் இருந்தும் உரிமை நழுவக்கூடும். ஆகவே பத்திரம், பட்டா, அனுபவம் மூன்றும் ஒரே பெயரில் கூடும் நிலமே முழுக் காப்புள்ள நிலம். பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாற்றாமல் விடுவது தாழ்ப்பாள் போடாத கதவுக்குச் சமம்.

இன்றைய நிலை

2018 முதல் பதிவு முழுவதும் கணினிவழி நடக்கிறது. வில்லங்க விவரத்தை இணையத்தில் பார்க்கலாம். உட்பிரிவு தேவைப்படாத நிலங்களுக்குப் பதிவைத் தொடர்ந்து பட்டா தானாக மாறுகிறது. கிரயத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. மோசடிப் பத்திரங்களை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு 2022இல் தரப்பட்ட அதிகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் நீக்கியது. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55அ விதி செல்லாது என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. விற்பவரின் உரிமையைச் சோதிப்பது சார்பதிவாளர் வேலை அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். தாய்ப் பத்திரத்தைப் படித்து, வில்லங்கம் பார்த்து, நிலத்தில் போய் நின்று எல்லைக்காரரை விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவரையே சேர்ந்தது.