ஒன்றே முக்கால் சவரன் ஈயம்

மாணவர்களைச் சைனாடவுனுக்கு மரபுடைமை நடைக்கு அழைத்துச் செல்லும்போது, சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தொடங்கி, ஆற்றை நோக்கி நடந்து, மேகசின் சாலையில் முடிப்பது என் வழக்கம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது, "ஐயா, மேகசின் என்றால் வார இதழ்தானே?" என்று கேட்பதுண்டு. கிடங்கு என்னும் பொருள்கொண்ட அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அச்சொல். வெடிமருந்துக் கிடங்கையும் குறிக்கும், துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியையும் குறிக்கும், செய்திகளின் கிடங்காகிய இதழையும் குறிக்கும் என்று விளக்குவேன்.

அண்மையில் சென்றபோது பேச்சு துப்பாக்கியிலிருந்து புலிக்குத் தாவியது. 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பீச் சாலையில் நடந்த காட்சியொன்றிலிருந்து தப்பிய புலி, ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் பதுங்கிய கதையைச் சொன்னேன். அதனைச் சுட்டவர் ஓர் ஆசிரியர்! அருகிலிருந்த ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தைச் சேர்ந்தவரும், பின்னாளில் அதன் தலைமையாசிரியராக விளங்கியவருமான சி. எம். ஃபிலிப்ஸ். அவர் கையில் இருந்தது லீ என்ஃபீல்டு துப்பாக்கி. ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட்ட பின்னரே புலி வீழ்ந்தது.

"ஏன் ஐயா ஒரே குண்டில் சாகவில்லை?" என்றான் ஒரு மாணவன்.

"குண்டு சிறியது. இன்னும் கனமான குண்டாக இருந்திருந்தால் ஒன்றே போதும்" என்று சற்றும் எண்ணிப் பாராமல் விடையளித்துவிட்டேன். அவனும் தலையாட்டினான். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் வயது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தலையாட்டல் என்னை உறுத்திற்று. நான் சொன்னது எனக்கே தெரியாத ஒன்று. அதன்பின் தேடிப் படித்ததைத்தான் இங்கு எழுதுகிறேன். 'துப்பாக்கிக் குண்டின் எடையெல்லாம் ஓர் ஆசிரியருக்கு எதற்கு?' என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் உள்ள நாட்டில் வாழ்கிறோம். இதை எவரும் வீட்டில் செய்து பார்க்கப்போவதில்லை. இது வரலாற்றுப் பாடம். கொஞ்சம் கணக்குப் பாடமும்கூட.

துப்பாக்கிக் குண்டை நிறுக்கும் அலகு 'கிரெய்ன்'. தானியமணி என்று பொருள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம் பொற்கொல்லர்கள் பயன்படுத்திய குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்னுக்குச் சற்றுக் குறைவு. தேக்காவின் நகைக்கடைகளுக்குப் போய்வரும் பெற்றோருக்குக் கிரெய்னைவிடச் சவரன் எளிதில் விளங்கும் என்பதால், எட்டுக் கிராம் சவரனிலேயே கணக்கிடுகிறேன். 1902இல் லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்குரிய பிரிட்டிஷ் இராணுவத் தோட்டாவின் குண்டு 215 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 14 கிராம். உலோக உறையிட்ட ஒன்றே முக்கால் சவரன் ஈயம்.

அது சிறியதுதானா? சிங்கப்பூரின் தொடக்கக் காலத்தில் வழங்கிய மஸ்கட் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் ஆம். 'பிரவுன் பெஸ்' எனப்பட்ட அந்த மஸ்கட்டின் உருண்டைக் குண்டுகள், பவுண்டுக்குப் பதினான்கரை என்னும் கணக்கில் வார்க்கப்பட்டன. ஒரு குண்டு ஏறத்தாழ நான்கு சவரன். (இன்றும் 'பன்னிரண்டு போர்' என்று ஒரு துப்பாக்கியைச் சொல்வதன் பொருள் இதுவே: அக்குழலுக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. வகுத்தல் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.) எடை மிகுதி, ஆனால் குழலுக்குள் அக்குண்டு தளர்வாகக் கிடக்கும். வெளியேறும்போது எப்பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நூறு கெஜம் தாண்டினாலே குறி ஐயத்துக்குரியது. ஒவ்வொரு முறையும் கரிமருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் கெட்டிக்க வேண்டும். மழைக்காலத்து ஈரம் ஏறினால் மருந்து பற்றாது. முதற்குண்டு தவறினால், மீண்டும் கெட்டிக்கும்வரை புலி காத்திருக்குமா?

வசதி படைத்த வேட்டைக்காரர்கள் இதற்குக் கண்ட வழி, எல்லாவற்றையும் பெரிதாக்குவது. 1840களில் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் சொல்லிச் செய்வித்த துப்பாக்கியின் எடை மட்டும் 21 பவுண்டு. அதற்கு ஒரு முறை கெட்டிக்கும் மருந்து ஓர் அவுன்ஸ். கூம்புக் குண்டின் எடை நான்கு அவுன்ஸ், பதினான்கு சவரன்! ஒரு திருமணத்துக்குப் போடும் நகை அளவு ஈயத்தை ஒரே வெடியில் அனுப்பியிருக்கிறார் மனிதர். யானைக்கு அது பொருந்தியது. ஆனால் அதைத் தோளில் தாங்கிச் சுடப் பேக்கரைப் போன்ற உடற்கட்டு வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் எதிர்த்திசையில் சென்றனர். குண்டின் எடையைக் குறைத்து, முனையைக் குடைந்து, மருந்தை மிகுத்து, வேகத்தைக் கூட்டினர். இத்தகைய துப்பாக்கிகளுக்கு விரைவு இரயிலின் பெயரால் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். மான்மீது அருமையாக வேலை செய்தது. புலியின் தோள் எலும்பில் பட்டாலோ, உள்ளே போகாமல் மேலேயே சிதறிவிடும் என்பது பேக்கர் கூறிய குறை. 1890இல் வெளிவந்த தம் நூலில் அவர் பரிந்துரைத்தது, குடைவில்லாத தூய ஈயக் குண்டு, ஏறத்தாழ 650 கிரெய்ன். ஐந்தேகால் சவரன். காயம்பட்ட புலி தப்பிச் சென்றால் என்னவாகும் என்று நாம் அறிவோம். வேட்டையாடியவர் கூடாரத்துக்குத் திரும்பிவிடுவார். மறுநாள் விறகு பொறுக்கச் செல்பவர்தான் அதை எதிர்கொள்வார். ஆகவே குண்டின் எடை வெறும் பொழுதுபோக்கு விவாதம் அன்று.

ஆயினும் 'கனமே சிறந்தது' என்று நான் சொன்ன விடை இங்கும் பிழைபடுகிறது. உத்தராகண்டின் ருத்ரபிரயாகையில் மனிதரைத் தின்ற சிறுத்தையை 1926இல் ஜிம் கார்பெட் வீழ்த்தியது .275 ரிக்பி துப்பாக்கியால். அதன் வழக்கமான குண்டு 140 கிரெய்ன். சவரனுக்குச் சற்று மேல்! ஃபிலிப்ஸின் குண்டைவிடவும் இலேசானது. நம் சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் விரும்பியது .405 வின்செஸ்டர், அதன் குண்டு 300 கிரெய்ன், இரண்டரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்கொரு எடை, இருவரும் காரியத்தை முடித்தனர். பிரிட்டிஷ் இராணுவமே 1910இல் தன் குண்டை 215இலிருந்து 174 கிரெய்னாகக் குறைத்து, முனையைக் கூராக்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டது.

காரணத்தைப் பம்பரத்தைக் கொண்டு விளக்கலாம். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் வெட்டிய சுருள் வரிகள் குண்டைச் சுழற்றி விடுகின்றன. சுழலும்வரை அது நேராகச் செல்லும். ஒரே குழலில் எடையைக் கூட்ட வேண்டுமானால் குண்டை நீளமாக்க வேண்டும். நீளமானால் அதை நிலைநிறுத்த விரைவான சுழற்சி வேண்டும். எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு சுழற்சி என்பதற்கு வூல்விச்சில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879இல் ஒரு வாய்பாடே அமைத்தார். அவரும் ஆசிரியர்தாம்! ஆகவே குழலுக்கேற்ற குண்டு, குண்டுக்கேற்ற மருந்து, இலக்குக்கேற்ற இரண்டும். குண்டை மாற்றினால் குறியும் சற்று மேலோ கீழோ மாறும். கையால் தோட்டா நிரப்புவோர் ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்து இடுவது இதனால்தான். கரிமருந்துக் காலத்தில் அளவுக் கிண்ணம் போதுமானதாக இருந்தது. புகையற்ற மருந்து வந்தபின் சிறு பிழையும் பெருந்தீங்கு. அளவு மிஞ்சினால் குழலே பிளக்கும்.

நம் வெப்பமும் இதில் குறுக்கிட்டது. கார்டைட் என்னும் புகையற்ற மருந்து, சூட்டில் மிகுந்த அழுத்தத்துடன் எரியும். வெடித்தபின் பித்தளைக் கூடு துப்பாக்கியினுள் இறுகிக்கொள்ளும். இங்கிலாந்தின் குளிரில் சோதித்த தோட்டா நம் பக்கத்து வெயிலில் வேறுவிதமாக நடந்துகொண்டது. எனவே வெப்ப நாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்து விற்றனர்.

சரி, ஃபிலிப்ஸின் முதற்குண்டு ஏன் போதவில்லை? கட்டடத்தின் அடியில் இருட்டு. எதிரே பதுங்கிய விலங்கு. குறிவைப்பதே அரிது. இறுதிக் குண்டு கண்களுக்கிடையே பாய்ந்தது. அதே துப்பாக்கி, அதே ஒன்றே முக்கால் சவரன். குறை எடையில் இல்லை.

இவ்வளவும் படித்தபின் வேறொன்று என் மனத்தில் தங்கிவிட்டது. குண்டைத் தேர்ந்தெடுத்தவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அந்த வாய்ப்பே இல்லாதவர்களை என்ன சொல்வது? 1835இல் கட்டடக் கலைஞர் கோல்மன் காட்டில் சாலைக்கு நிலம் அளந்தபோது, புலி பாய்ந்து அளவைக் கருவியைத் தள்ளி உடைத்தது. அந்நிகழ்ச்சியைச் சித்திரிக்கும் லாய்ட்டமனின் படத்தில் அவரைச் சுற்றி நிற்பவர்கள் இந்தியக் கைதிகள். பின்னர் கேம்பியர், மிளகுத் தோட்டங்களில் சீனக் கூலிகள் பலர் புலிக்கு இரையாயினர். 'நாளுக்கு ஒருவர்' என்று அக்காலத்தில் ஒரு பேச்சு வழங்கிற்று. வேலைக்கு ஆள் வராமல் போய்விடுமென அஞ்சிய தோட்டக்காரர்கள் இறப்புகளை மறைத்ததால், உண்மைக் கணக்கு எவருக்கும் தெரியாது. புலியைப் பிடிக்கக் குழி வெட்டினர். கைதிகளைக் கொண்ட வேட்டைக் குழுக்களும் காட்டுக்கு அனுப்பப்பட்டன. அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இதனைக் காணலாம். பிரிஸ்டலுக்குக் கடிதம் எழுதித் துப்பாக்கி வரவழைக்க அவர்களால் இயலுமா? கொடுத்ததைக் கெட்டித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

மறுவாரம் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு, தராசையும் ஈயத் துண்டுகளையும் மேசைமேல் வைத்து, இவற்றையெல்லாம் விளக்கினேன். சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது என்பதையும், குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர்களுக்கான தேசிய மையம் அதே சுவா சூ காங் வட்டாரத்தில் உள்ளது என்பதையும் சொன்னேன். அங்கே சுடப்படும் சிறு துளைத் துப்பாக்கிக் குண்டு 40 கிரெய்ன். சவரனில் மூன்றில் ஒரு பங்கு.

கேள்வி கேட்ட அதே மாணவன் மீண்டும் கை தூக்கினான். "ஐயா, அந்தக் கைதிகளில் தமிழர்கள் இருந்தார்களா?"

"இருந்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்தும் கைதிகள் இங்கே அனுப்பப்பட்டார்கள்" என்றேன். "அவர்கள் பெயர் என்ன ஐயா?" என்றான். இம்முறை அவசரப்பட்டு விடை கூறவில்லை.