நாக்ட்சேரர்

நாக்ட்சேரர் என்பது வடக்கு ஜெர்மனியிலும் சைலீசியா, பொமரேனியா பகுதிகளிலும் நம்பப்பட்ட, செத்தும் அடங்காத பிணம். பெரும்பாலான ரத்தக்காட்டேரிக் கதைகளில் வருவதுபோல் இது வெளியே வந்து யார் கழுத்தையும் கடிப்பதில்லை. சவப்பெட்டிக்குள் கிடந்தபடியே தன்மேல் போர்த்திய துணியை மெல்லும். அது தீர்ந்தால் தன் சதையையே தின்னும். அது மெல்ல மெல்ல, வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் ஒவ்வொருவராக இளைத்துச் சாவார்கள் என்பது நம்பிக்கை.

இதைக் கொள்ளைநோயின் பிள்ளை என்றே சொல்லவேண்டும். ஒரு வீட்டில் முதல் சாவு விழுந்ததும் அடுத்தடுத்துச் சாவுகள் தொடர்ந்தன. கிருமியை அறியாத காலம். பழி முதலில் இறந்தவர்மேல் விழுந்தது. 1486இல் அச்சான, சூனியக்காரிகளுக்கு எதிரான ‘மாலியஸ் மாலெஃபிகாரம்’ நூலிலேயே இப்படியொரு கதை உண்டு. கொள்ளைநோயில் காலியாகிக்கொண்டிருந்த ஊரில் ஒரு பெண்ணின் கல்லறையைத் தோண்டியபோது, சவத்துணியில் பாதி அவள் வாய்வழியே வயிற்றுக்குள் போயிருந்ததாம். தலையை வெட்டி எறிந்ததும் நோய் நின்றது என்கிறது அந்நூல்.

தோண்டியவர்கள் பார்த்தது முழுப் பொய்யல்ல. அழுகும் உடலில் வாயு சேர்ந்து வயிறு உப்பும். வாய்வழியே கருஞ்சிவப்பு நீர் கசியும். அதில் நனைந்த துணி வாய்க்குள் அமிழ்ந்து, அந்த இடத்திலேயே முதலில் இற்றுப்போகும். பார்ப்பவருக்குக் கடித்துத் தின்றதுபோலவே தெரியும். அதனால்தான் புதைக்கும்போதே துணி உதட்டில் படாமல் விலக்கினார்கள். வாயில் நாணயமோ கல்லோ வைத்தார்கள். தாடைக்கடியில் மண்கட்டியை முட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு கிராமத்தில் இறந்த பெண் கல்லறைக்குள் தன்னையே தின்கிறாள் என்று கேள்விப்பட்ட ஒரு போதகர் எழுதிக் கேட்ட செய்தி, மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரிடம் வந்தது. இது சாத்தானின் ஏமாற்று, நம்பாதவரை ஒன்றும் செய்யாது, தேவாலயத்துக்குப் போய் ஜெபியுங்கள் என்றார் லூதர். 1679இல் லைப்சிக்கில் இறந்தோர் மெல்லுவது பற்றி ஆய்வுரை வெளியிட்ட பிலிப் ரோரும் சாத்தானையே காரணம் காட்டினார். அதே தலைப்பை 1725இல் எடுத்துக்கொண்ட மிக்கயேல் ரான்ஃப்ட்தான் இயற்கைக் காரணங்களைத் தேடினார். அவருடைய நூல் 1734இல் ஜெர்மன் மொழியில் விரிவாக வந்தது. செர்பியாவிலிருந்து ரத்தக்காட்டேரிச் செய்திகள் ஜெர்மன் நாடுகளில் பரவிய காலமும் அதுவே. உள்ளூர்ப் பிணத்தை அந்த அயல்பேய் மறைத்துவிட்டது.

அச்சில் மறைந்தாலும் கிராமங்களில் நம்பிக்கை ஓயவில்லை. 1870களில்கூட மேற்குப் பிரஷ்யாவில் கசூபிய மக்கள் வாழ்ந்த பகுதியில் உறவினரின் கல்லறையைத் தோண்டித் தலையை வெட்டியவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். வீட்டில் மிச்சமிருப்பவர்களையாவது காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள்.