தாழ்ந்து நின்ற வண்டிகள்



பாரம் ஏற்றாத பிக்-அப் வண்டி ஒன்றைப் பக்கவாட்டில் நின்று நோக்குங்கள். பின்புறம் முன்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பது புலப்படும். இஃது அமைத்தவரின் பிழையன்று. நெல் மூடைகளோ சீமெந்துப் பைகளோ ஏறும்போது பின்புற வில்கள் அமிழ்கின்றன. அப்பொழுதே வண்டி மட்டமாக நிற்கின்றது. சுமையை எதிர்பார்த்தே அவ்வுயரம் கொடுக்கப்பட்டுள்ளது. சுமையின்றியே வண்டியை மட்டமாக்க விரும்புவோரும் உளர். தகட்டு வில்லின் கீழே அமைந்த பின் அச்சை, வில்லின் மேலே மாற்றிப் பொருத்தினால் பின்புறம் சில அங்குலம் தாழ்ந்துவிடும்.

இதில் வரலாறு யாதுளது என நீங்கள் வினவலாம். இந்தச் சில அங்குலத்தை முன்னிட்டு ஒரு மக்கட் கூட்டமும் ஒரு மாநிலத்தின் சட்டமும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிணங்கி நின்றதுண்டு. அக்கதையையே இன்று கூற விழைகின்றேன்.

கதை நிகழ்ந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்த மெக்சிக்க வழியினர் பலர், நல்ல குடியிருப்புகளில் வீடு வாங்க இயலாதவாறு தடுக்கப்பட்டனர். பல ஊர்களில் அவர்களுடைய பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. ஒரேஞ்சு மாவட்டத்தில் நிலவிய இப்பிரிவினை சட்டவிரோதமானதென 1947ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு இக்கதையில் முதலில் நினைவுக்கு வருவது அத்தீர்ப்பே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், இம்மக்களின் இளைஞர்கள் பழைய மோட்டார் வண்டிகளை மலிவாக வாங்கினர். மற்றை இளைஞர்கள் தம் வண்டிகளை விரைந்தோடச் செய்ய முயன்றபோது, இவர்கள் தாழ்ந்தும் மெல்லவும் செல்வதையே அழகெனக் கொண்டனர். பின்புறப் பெட்டியில் மணல் மூடைகளை இட்டு வண்டியைத் தாழ்த்தினர். சிலர் சுருள்வில்களின் ஒரு பகுதியையே வெட்டினர். வண்ணமும் மெருகும் ஊட்டி, கிழக்கு லொஸ் ஏஞ்சல்சின் விற்றியர் வீதியில் குடும்பத்தினரும் நண்பரும் காண ஊர்ந்து சென்றனர். விரைந்து செல்வோன் ஓரிடத்தை அடைய எண்ணுகின்றான். மெல்லச் செல்வோனோ, தான் இங்கேயே இருக்கின்றேன் என்பதைப் பிறர் காண விரும்புகின்றான்.

1958ஆம் ஆண்டில் சட்டம் குறுக்கிட்டது. மூல அமைப்பினின்று மாற்றப்பட்ட வண்டியின் எப்பகுதியும், சில்லின் உலோக வளையத்தினுடைய அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருத்தல் ஆகாது என்பதே விதி. பயணிகள் வண்டிகளுக்கு மாத்திரமன்றி, 6,000 இறாத்தலுக்குக் குறைந்த வர்த்தக வண்டிகளுக்கும் அது பொருந்தியது. தரையில் உரசும் வண்டி ஆபத்தானது என்பதும், வெட்டிய வில் வண்டியை நிலைகுலையச் செய்யும் என்பதும் மெய்யே. விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. எனினும் பொலீசார் மறித்து நிறுத்திய வண்டிகளுள் மெக்சிக்க வழியினருடையனவே மிகுந்திருந்தன என்பது அம்மக்களின் நெடுங்கால முறைப்பாடு.

தடைக்கு விடையாக ஒரு புத்தாக்கம் பிறந்தது. தாழ்ந்த வண்டிக்காகத் தண்டம் கட்டிச் சலித்த ரொன் அகிரே என்னும் இளைஞர், 1950-களின் இறுதியில் தம் கோர்வெற் வண்டியில் விமானங்களின் உபரி உறுப்புகளைப் பொருத்தினார். எண்ணெயின் அமுக்கத்தால் வண்டி ஏறவும் இறங்கவும் கூடியதாயிற்று. வீதியில் தாழ்ந்து செல்லலாம். பொலீசாரைக் கண்டதும் ஆளியை அழுத்தி, சட்டம் கேட்ட உயரத்துக்கு எழுப்பலாம். அக்கருவியே பின்னர் இக்கலையின் அடையாளமாயிற்று.

1980-களில் பல நகரங்கள் மெல்ல உலாவுதலையே தடைசெய்தன. ஆயினும் கலை அழியவில்லை. நியூ மெக்சிக்கோவின் சிமாயோ ஊரில் ஒரு குடும்பத்தார் உருவாக்கிய 1969ஆம் ஆண்டு போர்ட் வண்டி, வொஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றது. ஓரிடத்தில் குற்றமெனப்பட்டது மற்றோரிடத்தில் நாட்டின் மரபுச் செல்வமாகப் பேணப்பட்டது.

இறுதியில் 2023ஆம் ஆண்டில் கலிபோர்னியாச் சட்டமன்றம் அவ்வுயர விதியை நீக்கியதுடன், உலாவுதலைத் தடைசெய்ய நகரங்களுக்கு இருந்த அதிகாரத்தையும் அகற்றியது. 2024 ஜனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. 1958இல் வண்டி ஓட்டிய இளைஞருள் அந்நாளைக் காண எஞ்சியோர் எண்பதைக் கடந்த முதியோரே.

நேயர்களே, வீதியின் பாதுகாப்புக்கு விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு விதியின் எழுத்து யாவர்க்கும் பொதுவாயிருந்தால் மட்டும் போதாது. அதன் சுமை எவர் தோளில் இறங்குகின்றது என்பதையும் விதி செய்வோர் நோக்க வேண்டும். சுமை ஏறிய பின்னரே வண்டி மட்டமாக நிற்கின்றதா என்பது தெரியும். சட்டமும் அத்தகையதே.